பக்கத்து வீட்டைப் படிக்காத படிப்பு

ராமநாதபுரம் ஜில்லாக் கடற்கரையில் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பார்க்கலாம். தகப்பனார் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகன் சரித்திரத்தில் பி.ஏ. தேறியவன். டில்லியில் 'சர்வதேச உறவுகள்' என்ற பாடத்தில் எம்.ஏ. வகுப்புக்கு அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் சந்தோஷந்தான், ஆனால் கிடைத்தது இன்னதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"ஏம்பா, இதைப் படிச்சா என்ன உத்தியோகம்?" என்கிறார் தகப்பனார்.

பையன் வாயைத் திறப்பதற்குள் தாய்மாமன் பதில் சொல்லிவிடுகிறார். "அம்பாஸடர் வேலை, மச்சான்! கார் முன்னாலே கொடி பறக்கும்!"

பையன் சிரித்து மழுப்புகிறான். மாமன் சொன்னது சரியல்ல என்று அவனுக்குத் தெரியும். சரியானது எது என்று எடுத்துச் சொல்ல அவனாலும் முடியவில்லை. இப்படிப்பட்ட சம்பாஷணை தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. தகப்பனார் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல், கொடி கட்டிய காரைக் காட்டியே இந்தப் படிப்புக்கு ஆள் சேர்த்து வருவதுதான் வேடிக்கை.

முதலில் அந்தக் காரை ஒதுக்கி வைத்துவிடலாம். இந்திய வெளிநாட்டு சர்வீஸில் சேருவதற்கு யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் நடத்தும் போட்டிப் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பரீட்சைக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். இன்ஜினியர் எழுதுகிறார், டாக்டர் எழுதுகிறார், விவசாயப் பட்டதாரி எழுதுகிறார். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படித்தவருக்கென்று அங்கே தனி வாசல் கிடையாது. நாட்டின் வெளிநாட்டு சர்வீஸ் முழுவதுமே ஏறத்தாழ ஆயிரம் அதிகாரிகளைக் கொண்டதுதான். வருஷத்துக்குச் சேருகிறவர்கள் சில பத்துப் பேர். லட்சக் கணக்கானவர்கள் முண்டியடிக்கும் அந்த வாசலில் நிற்பதற்கு இரண்டு வருஷ எம்.ஏ. வகுப்பை விடப் பரீட்சைக்கு நேராகப் படிப்பதே சுருக்கு வழி. எம்.ஏ. வகுப்பை ஹாஸ்டலோடு கூடிய காத்திருக்கும் அறையாக வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பவர்கள் டில்லியில் ஏராளம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் படிப்பது சர்வதேச உறவு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்காக?

போரில் பிறந்த பாடம்

இந்தப் பாடத்தின் பிறப்பே துக்கத்தில் நிகழ்ந்தது. முதல் உலக மகாயுத்தம் முடிந்த மறுவருஷம், 1919-ல், வேல்ஸ் நாட்டுக் கடலோரச் சிற்றூரான அபெரிஸ்ட்வித்தில் உள்ள கல்லூரியில் சர்வதேச அரசியலுக்கென்று முதன்முதலாக ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதற்கு 20,000 பவுன் கொடுத்தவர்கள் டேவிட் டேவிஸ் என்ற பார்லிமெண்டு அங்கத்தினரும் அவருடைய சகோதரிகள் இருவரும். பாட்டனார் நிலக்கரியிலும் ரயில் பாதையிலும் சேர்த்த செல்வம் அது. யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் ஞாபகார்த்தமாக, இனி இப்படி ஒரு யுத்தம் வராமலிருக்க வழி காண்பதற்காக, அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் பெயரில் அந்தப் பதவியை நிறுவினார்கள். முதல் பேராசிரியர் ஆல்பிரட் ஸிம்மர்ன்.

உத்தேசம் உயர்ந்தது. விளைவோ வேறு. 1936-ல் அதே நாற்காலியில் வந்து அமர்ந்தவர் ஈ. எச். கார். அதற்கு முன் இருபது வருஷம் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவில் வேலை பார்த்தவர். நாடுகள் எல்லாம் ஒத்துப் போக விரும்புகின்றன என்று எண்ணிக்கொண்டு சர்வதேச சங்கத்தைக் கட்டியவர்கள் தங்கள் ஆசையையே உண்மை என்று மயங்கினார்கள். பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க மறந்தார்கள் என்று அவர் 1939-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'இருபது வருஷ நெருக்கடி' என்பது அதன் பெயர். புத்தகம் வந்த சமயத்திலேயே இரண்டாவது மகாயுத்தமும் வந்து சேர்ந்தது. சமாதானத்துக்காக ஏற்படுத்திய நாற்காலியில் அமர்ந்து, சமாதானவாதிகளின் கணக்கைக் கிழித்துப் போட்டார் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. கொடுத்த சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை செய்தார் என்றும் சொல்லலாம்!

இதற்கிடையில் 1927-ல் ஜினீவாவில், பட்டதாரிகளுக்கென்றே, இந்த ஒரு பாடத்துக்கென்றே ஒரு கழகம் தோன்றிவிட்டது. அமெரிக்காவிலோ இந்தப் படிப்பு வேறு பாதையில் போயிற்று. 1957-ம் வருஷம் ரஷ்யா ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டதும் அமெரிக்கர்களுக்குத் தூக்கம் போயிற்று. உலகத்தில் தங்களுக்குத் தெரியாத மொழிகள் எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். மறு வருஷமே, தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, அயல்மொழி படிக்கும் மாணவர்களுக்குச் சர்க்கார் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் பென்சில்வேனியாவிலும் சிக்காகோவிலும் பெர்க்லியிலும் கற்பிக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்த வெள்ளைக்கார மாணவனுக்கு உபகாரச் சம்பளம் தேசப் பாதுகாப்பு என்ற தலைப்பில் போயிற்று. அன்று படித்தவர்களில் பலர் பிற்காலத்தில் தமிழ் இலக்கியத்துக்குத் தொண்டு செய்தது தற்செயலான லாபம். சட்டம் செய்தவர்களின் நோக்கம் இலக்கியம் அல்ல. உலகில் எந்த மூலையில் எவர் என்ன பேசினாலும் புரிந்துகொள்ள ஆள் வேண்டும் என்பதே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகத் தமிழ் படித்தார்கள். தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் சிங்களம் படித்தார்கள்?

டில்லியில் ஒரு சென்னைக்காரர்

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் சென்னையில் ஆசிரியராக இருந்தவர் என்பது பலருக்கு ஞாபகமில்லை. ஏ. அப்பாதுரை என்ற பெயரை இன்று சொன்னால், பழைய பி.ஏ. மாணவர்கள் 'அரசியலின் சாரம்' என்ற பொருள்படும் அவருடைய பாடப் புத்தகத்தை மட்டும் நினைவு கூர்வார்கள். அதற்கு முன்பே, 1936-ல், கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னாட்டின் பொருளாதார நிலைமையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியைச் சென்னைச் சர்வகலாசாலை இரண்டு பாகங்களாக வெளியிட்டது. கோயில் கல்வெட்டுகளில் வரியும் விலையும் கூலியும் வணிகர் குழுக்களும் எப்படி இருந்தன என்று தேடித் தொகுத்த மனிதர் அவர்.

உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் டில்லியில் 1943-ல் ஆரம்பிக்கப்பட்டது. தேஜ் பகதூர் ஸப்ருவும் ஹ்ருதயநாத் குன்ஸ்ருவும் அதன் தலைவர்கள். சர்க்காருக்குக் கட்டுப்படாத ஒரு சபை வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்; நாடு அப்போது அன்னியர் கையில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் கவுன்சிலுக்குக் காரியதரிசியாகப் போனவர் அப்பாதுரை. சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1947 மார்ச்சில், டில்லிப் புராணா கிலாவில் கூடிய ஆசிய நாடுகளின் மகாநாடு அந்தக் கவுன்சில் கூட்டியதே. பிறகு 1955-ல், ஸப்ரு பெயரால் எழுந்த மாளிகையில், சர்வதேசப் படிப்புகளுக்கான இந்தியக் கழகம் ஏற்பட்டபோது அதன் முதல் டைரக்டரும் அப்பாதுரையே. அடுத்த வருஷம் கல்கத்தாவில் ஜாதவ்பூர் சர்வகலாசாலை இந்தப் பாடத்துக்கு ஒரு தனி இலாகா ஆரம்பித்தது.

டில்லிக் கழகத்துக்கு 1961-ல் சர்வகலாசாலைக்கு நிகரான அந்தஸ்து கிடைத்தது. 1970-ல் அது புதிய ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையோடு இணைந்துவிட்டது. அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தவர் ஜி. பார்த்தசாரதி. அவரும் சென்னையோடு நெருங்கிய தொடர்பு கொண்டவர். பல நாடுகளில் ஸ்தானிகராக இருந்து திரும்பியவர். ஆக, இந்தப் பாடம் டில்லிக்காரர்களின் சொத்து என்று தமிழ்நாட்டு மாணவன் ஒதுங்குவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

அந்தப் பரம்பரையில் படித்து மேலே வந்தவர்களும் உண்டு. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமண்யம், நாட்டின் ராணுவக் கொள்கையைப் பற்றி எழுதியும் வாதாடியும் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர். அவருடைய குமாரர் எஸ். ஜெய்சங்கர் நேரு சர்வகலாசாலையில் சர்வதேச உறவுகளில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1977-ல் வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்து, 2019-ல் வெளிநாட்டு மந்திரியே ஆனார். ராமநாதபுரத்து மாமன் இந்த உதாரணத்தைச் சொன்னால் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் அவரும் போட்டிப் பரீட்சை எழுதித்தான் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கழகம் வளர்ந்தது, பாடம் பரவியது. இன்று எத்தனையோ சர்வகலாசாலைகளிலும் தனியார் நிலையங்களிலும் சர்வதேச உறவுகள் எம்.ஏ. இருக்கிறது. பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் கண் நிறையும். தத்துவங்கள், சர்வதேசச் சட்டம், ஐக்கிய நாடுகள் சபை, உலக வர்த்தகம், அணு ஆயுதக் கட்டுப்பாடு, பருவநிலை மாறுதல் என்று எல்லாம் உண்டு. முதல் வாரத்தில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டிலிருந்து, மைசூரில் ஷாமசாஸ்திரியார் 1909-ல் அச்சேற்றிய நூல் அது. அடுத்த ராஜா பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்ற மண்டலக் கணக்கை மாணவன் நோட்டில் எழுதிக்கொள்வான். இரண்டாவது வாரத்தில் அமெரிக்கப் பேராசிரியர்களின் தத்துவம் வந்துவிடும். கௌடில்யர் அதோடு விடை பெறுவார்.

தத்துவமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கார் போன்ற ஒருவரைப் படிக்காமல் உலக அரசியலைப் பேசினால் அது டீக்கடைப் பேச்சாகிவிடும். ஆனால் இரண்டு வருஷம் முடிந்து வெளியே வரும் மாணவனை நிறுத்தி, "எந்த நாட்டை உனக்கு நன்றாகத் தெரியும்?" என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? எல்லா நாட்டையும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்பான். எந்த அயல்நாட்டுப் பத்திரிகையை அந்த நாட்டு மொழியில் படிப்பாய் என்று கேட்டால், பல பேர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

காலியில் கிடைத்த கல்

இந்த இடத்தில் ஒரு பழைய கல்லின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இலங்கையின் தென்கோடியில் காலி என்ற ஊரில், 1911-ம் வருஷம், சாக்கடைப் பாலம் ஒன்றின் மேல் மூடியாகக் கிடந்த ஒரு கல்லை ஓர் இன்ஜினியர் கண்டெடுத்தார். புரட்டிப் பார்த்தால் எழுத்து. ஒரு பக்கம் சீனம், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பாரசீகம். சீன மாலுமித் தலைவர் செங் ஹோ தம் கப்பல்களில் கொண்டுவந்து நாட்டிய கல் அது. எழுதிய தேதி 1409. சீனாவிலேயே செதுக்கித் தயாராகக் கொண்டுவந்தார்கள். சீனப் பகுதியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்குக் காணிக்கை. பாரசீகப் பகுதியில் அல்லாவுக்கு. காணிக்கைப் பொருள்கள் மூன்றிலும் பெரும்பாலும் ஒன்றே: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். கல் இன்றும் கொழும்புக் காட்சிசாலையில் இருக்கிறது.

அறுநூறு வருஷத்துக்கு முன், நான்கிங் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, இலங்கைத் துறைமுகத்தில் வியாபாரம் செய்கிறவர்கள் யார், அவர்கள் பேசும் மொழி எது, கும்பிடும் தெய்வம் எது என்று ஒருவன் கணக்காகத் தெரிந்து வைத்திருந்தான். தமிழ் எழுத்தில் பிழையில்லாமல் வாசகம் எழுதக்கூடிய ஆள் அவனுக்குக் கிடைத்தான். இதைவிடச் சுருக்கமாகச் சர்வதேச உறவு என்றால் என்ன என்று விளக்க முடியுமா? (அதே செங் ஹோ பிற்பாடு இலங்கை அரசர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மொழி தெரிந்தவனெல்லாம் சிநேகிதன் ஆகிவிட மாட்டான். ஆனால் மொழி தெரியாதவன் சிநேகிதனையும் அறியான், பகைவனையும் அறியான்.)

இன்றைய நிலைமையை இதோடு ஒப்பிட்டால் வெட்கமாக இருக்கிறது. இலங்கை விவகாரத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத மேடை கிடையாது. எழுதாத பத்திரிகை கிடையாது. ஆனால் கொழும்பில் 'லங்காதீப' போன்ற சிங்களத் தினசரியில் இன்று காலையில் என்ன தலையங்கம் வந்தது என்று கேட்டால், இங்கிலீஷில் யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உண்டு. எதிராளி தன் ஜனங்களிடம் தன் பாஷையில் என்ன பேசுகிறான் என்று அறியாமல், அவன் உலகத்துக்காக இங்கிலீஷில் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டு அரசியல் நடத்துவது எப்படிப்பட்ட அரசியல்?

இதன் நஷ்டம் ஏட்டளவில் மட்டும் இல்லை. 1964-ம் வருஷம் அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1948-ம் வருஷப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போன மலையகத் தோட்டத் தொழிலாளர்களைப் பங்கு போட்ட உடன்பாடு அது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலை மூட்டையைப் பிரிப்பது போல் மனிதர்களைப் பிரித்தார்கள் என்று அப்போதே குற்றம் சாட்டப்பட்டது. நான்கு தலைமுறையாக ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்ந்தவர்கள் கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கினார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் சர்க்காரே தேயிலைத் தோட்டம் போட வேண்டி வந்தது.

இவ்வளவு பெரிய காரியம், சென்னைச் சர்வகலாசாலையின் வாசலிலேயே நடந்தது எனலாம். அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேர் வர விரும்பினார்கள், கொழும்பு மந்திரிசபையில் என்ன வாதம் நடந்தது, சிங்களக் கிராமத்தான் அதை எப்படிப் பார்த்தான் என்று ஆராய வேண்டிய மாணவர்கள் இங்கே நூற்றுக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். கச்சத்தீவும் அப்படியே. 1974-ல் ஒரு உடன்பாடு, 1976-ல் மற்றொரு உடன்பாடு. பாக் ஜலசந்தியில் வலை வீசுகிறவனின் வாழ்க்கையை இந்த இரண்டு காகிதங்கள் மாற்றிவிட்டன. சென்னைச் சர்வகலாசாலையில் தென்னாசிய, தென்கிழக்காசிய ஆராய்ச்சி மையத்தை நடத்திய பேராசிரியர் வி. சூரியநாராயணன் 1994-ல் கச்சத்தீவைப் பற்றியும் மீனவர் பிரச்னையைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். விதிவிலக்கு என்று சொல்லத்தக்க அந்த உழைப்பைப் பின்பற்றி வந்தவர்கள் சிலரே. 2024 மார்ச்சில், பார்லிமெண்டுத் தேர்தல் சமயத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற சில பழைய கச்சத்தீவுக் கோப்புகள் பத்திரிகைகளில் வந்து அமர்க்களப்பட்டன. ஐம்பது வருஷத்துக் கோப்பு! ஆராய்ச்சி மாணவன் மேஜையில் எப்போதோ வந்திருக்க வேண்டியது, தேர்தல் மேடையில் வந்து விழுந்தது. மேடையில் விழுந்த காகிதம் படிப்பதற்கு உதவாது, வீசுவதற்குத்தான் உதவும்.

இதில் மாணவனை மட்டும் நொந்து பயனில்லை. சர்க்காரின் குற்றமும் இருக்கிறது. 25 வருஷம் கடந்த கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 1993-ம் வருஷத்துப் பொது ஆவணச் சட்டத்தின் நோக்கம். காரியத்தில் அது ஆமை வேகந்தான். 1962 சீன யுத்தத்தின் தோல்வியைப் பற்றி ராணுவமே எழுதிய ஹெண்டர்ஸன் புரூக்ஸ் அறிக்கையை அறுபது வருஷம் ஆகியும் சர்க்கார் வெளியிடவில்லை. அதில் ஒரு பகுதியை 2014-ல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்தான் வெளியே கொண்டுவந்தார். இந்தியாவின் வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றி எழுத வேண்டிய இந்திய மாணவன், லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போய் அவர்கள் திறந்து வைத்த கோப்புகளைப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. நம்மைப் பற்றி அவர்கள் எழுதி வைத்ததைப் படித்து நம்மை அறிந்துகொள்ளும் அவலம் இது.

ஜினீவாவில் ஒரு கூடாரம்

வெளிநாட்டுக்கே போய்ப் படித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். லண்டன், ஜினீவா, வாஷிங்டன் என்று பெயர் பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. நல்ல ஆசிரியர்களும் நூல் நிலையங்களும் இருக்கின்றன. உபகாரச் சம்பளம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கிடைக்காவிட்டால் கண்ணைத் திறந்துகொண்டு யோசிக்க வேண்டும். வீட்டை அடகு வைத்து, பாங்கியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஐக்கிய நாடுகள் சபையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகிறவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ல் நியூஸிலாந்து தேசத்து இளைஞர் ஒருவர் ஜினீவாவில் ஐ.நா. சபையில் சம்பளமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்து, வாடகை கொடுக்க வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துக் குடியிருந்தார் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. விஷயத்தை உலகம் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமும் தமக்கு இருந்தது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். இருக்கட்டும். கூடாரம் விளம்பரமாயிருக்கலாம், சம்பளமில்லை என்பது விளம்பரம் அல்ல. ஏழை நாட்டுக்காக ஏற்பட்ட சபையின் முதல் படியில், பணக்கார வீட்டுப் பிள்ளைதான் கால் வைக்க முடியும் என்றால் அது யாருடைய சபை?

ஆகவே, தகப்பனாருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: இந்தப் படிப்பு உத்தியோகத்துக்கு உத்தரவாதம் தராது. வாத்தியார் வேலை, பத்திரிகை வேலை, ஆராய்ச்சி நிலையம், வெளிநாட்டு வர்த்தகம் செய்யும் கம்பெனி என்று சில வழிகள் உண்டு. எல்லாம் குறுகிய வழிகள். ஆனால் ஒரு நாட்டை, அதன் மொழியோடும் சட்டத்தோடும் சந்தைக்கடையோடும் சேர்த்துத் தெரிந்துகொண்டவன் எங்கேயும் பட்டினி கிடப்பதில்லை. பர்மிய மொழி தெரிந்தவன், மலாய் தெரிந்தவன், சீனம் தெரிந்தவன், சிங்களம் தெரிந்தவன் – இவர்களைத் தேடிக்கொண்டு வியாபாரி வருவான், பத்திரிகைக்காரன் வருவான், சர்க்காரும் வரும். தத்துவத்தை மட்டும் தெரிந்தவனைத் தேடி இன்னொரு தத்துவக்காரன்தான் வருவான்.

சர்வகலாசாலைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பெரிய பணம் வேண்டாம். எம்.ஏ. பட்டம் வேண்டுமானால் அயல்நாட்டு மொழி ஒன்றில் ஒரு தினசரிப் பத்திரிகையைப் படித்து விளக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். சென்னையில் சிங்களமும் மலாயும், கல்கத்தாவில் பர்மிய மொழியும் திபெத்திய மொழியும் என்று இடத்துக்குத் தகுந்தபடி மொழியை வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் மாணவர் தொகை குறையும். பரீட்சைக்காகக் காத்திருக்கிறவர்கள் வேறு அறை தேடிக்கொண்டு போவார்கள். போகட்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வரவழைத்தால் வருவார்கள். இந்தப் பாடத்துக்குத் தமிழில் நல்ல புத்தகங்கள் வேண்டும் என்பதும் தள்ளிப் போட முடியாத வேலை. உலகத்தைப் பற்றிய அறிவு இங்கிலீஷ் தெரிந்த சில ஆயிரம் பேரின் பெட்டியில் பூட்டிக் கிடந்தால், வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் மற்ற கோடிப் பேர் எதைக் கொண்டு வெளிநாட்டுக் கொள்கையை நிறுத்துப் பார்ப்பார்கள்?

மொழி தெரிந்தால் மட்டும் சண்டை நின்றுவிடுமா என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்பதாவது தெரியும். கடலில் அந்த வித்தியாசம் பெரிது.

அந்தக் கடலுக்குப் போகிற ராமநாதபுரத்துத் தகப்பனார், பையன் டில்லிக்குப் புறப்படும் நாளில் ஒரு கேள்வி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாமன் கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் வேறு யோசனையில் இருக்கிறார். நடுக்கடலில் சிங்களக் கடற்படைக்காரர்கள் படகை மடக்கியபோது, தமக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் விழித்தவர் அவர்.

"ஏம்பா, அந்த ஊர்லே சிங்களம் சொல்லிக் கொடுப்பாங்களா?"

பையன் கையிலிருந்த பாடப் பட்டியலைப் பிரித்துப் பார்க்கிறான். பிரெஞ்சு இருக்கிறது. ஜெர்மன் இருக்கிறது. ஜப்பானியம்கூட இருக்கிறது. விரலை வைத்துக் கடைசி வரி வரைக்கும் தேடிவிட்டு, பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான்.

"போய்ப் பார்க்கிறேன், அப்பா" என்கிறான்.